புதிய பதிப்பில் இருட்டுக்கு மூன்று வரி

பள்ளிப் பிள்ளைகளுக்கான வழிகாட்டி நூல்களை அச்சிடும் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. புதிய பதிப்பு என்று கேட்டால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு அதன் உள்விவகாரம் தெரியும். அட்டையின் நிறம் மாறும். நாலைந்து கேள்விகள் இடம் மாறி உட்காரும். போன வருடம் நான் வட்டமிட்டுக் கொடுத்த பிழைகளில் பாதி இந்த வருடமும் அப்படியே இருக்கும். அதனால் நாங்கள் ஞாயிறுதோறும் ஆடிவந்த விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது என்ற செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்ன விளையாட்டு என்று கேட்டால் பலருக்கு விளங்கவைக்க முடிந்ததில்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்வார். இங்கே ஒரு குகை, அதன் வாசலில் ஒரு நாய், நாயின் கழுத்தில் சங்கிலி இல்லை என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, நான் நாயைக் கூப்பிடுகிறேன், நான் மரத்தில் ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும். நாய் வருமா, கிளை தாங்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வோம். எதற்கு எத்தனை விழ வேண்டும், அடிபட்டால் என்ன ஆகும், செத்தால் எப்போது செத்ததாக அர்த்தம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அந்த விதிகள் தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகமாக இருந்தன.

எங்கள் கூட்டத்தில் கதை சொல்பவரிடம்தான் அந்தப் புத்தகம் இருந்தது. சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகும் வழியில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. பட்டறைக்கு மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாடிக்கூடத்தில் கூடுவோம். கீழே பட்டறை பூட்டியிருந்தாலும் வார்னிஷ் வாசனை படியேறி வரும்.

மேசையில் நாங்கள் ஐந்து பேர். அவர், அவர் மனைவி, நான், கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் ஒரு பாய், பீளமேட்டில் மென்பொருள் வேலை பார்த்த ஒரு தம்பி. கதை நடத்துபவரை என்ன சொல்லி அழைப்பது என்ற பேச்சு ஆரம்பத்திலேயே வந்தது. நடத்துபவர் என்றால் நடத்துநர் என்றேன் நான். "அப்ப கண்டக்டர்னு சொல்லுங்க" என்றார் பாய். அன்றிலிருந்து அவர் கண்டக்டர். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் அவர் மனைவியிடம், "ஊட்டுக்காரரு பட்டறைய உட்டுப்போட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாருங்களா?" என்று விசாரித்திருக்கிறார். கண்டக்டரும் பெயரை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டார். எல்லாரும் உட்கார்ந்து தம்ளர்களை ஓரமாக நகர்த்தியதும் மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்பார். ஆட்டம் ஆரம்பமாகும்.

அவர் மனைவியைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டும். எங்களில் துணிச்சலான ஆட்டக்காரர் அவர்தான். அவருடைய பாத்திரம் ஈட்டி எடுத்துச் சண்டை போடும் ஒரு பெண். நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் கதவை உதைத்திருப்பார். கணவர் நடத்தும் கதை என்று எந்தச் சலுகையும் கேட்டதில்லை. அவரும் கொடுத்ததில்லை.

கண்டக்டர் சொன்ன கதை மலையடிவாரத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பட்டணத்தில் நடந்தது. மனைவியின் ஊரான சத்தியமங்கலத்தைப் பார்த்துத்தான் அதைக் கட்டியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். பவானிக்கு வேறு பெயர், மலைக்கு வேறு பெயர். ஆனால் அந்தப் பட்டணத்தின் பாலத்தில் எந்தத் தூணில் பாசி அதிகம், சாயக்காரர் தெருவில் சாக்கடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுவரை சொல்வார். ஆறு மாதம் கழித்து அதே தெருவுக்குப் போனாலும் சாக்கடை அதே பக்கம்தான் திரும்பும். புத்தகத்தைத் திறந்து பார்த்து அவர் விதி சொன்னதும் இல்லை. எல்லாம் மனப்பாடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களை வாட்டுவார். இருட்டு. குகைக்குள் நுழைந்தோமென்றால், "பந்தம் யார் கையில?" என்று கேட்பார். பந்தம் பிடித்தவர் வாள் எடுக்க முடியாது. பந்தத்தின் வெளிச்சம் எத்தனை அடி, அதற்கப்பால் மங்கல் எத்தனை அடி, மங்கலில் எறிந்தால் பகடையில் எவ்வளவு குறையும் என்று வரிசையாகச் சொல்வார். மற்றக் கூட்டங்களில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று தம்பி சலித்துக்கொள்வான். "அப்ப அவுங்க இருட்டுக்குள்ள போனதே இல்லைன்னு அர்த்தமுங்க தம்பி" என்பார் கண்டக்டர்.

புதிய பதிப்பு பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவன் தம்பிதான். அலைபேசியை மேசை நடுவே வைத்து, என்னவெல்லாம் மாறும் என்று வெளிநாட்டில் பேசிக்கொள்வதை வாசித்துக் காட்டினான். அன்று ஆட்டமே நடக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பாதி நேரம் அந்தப் பேச்சுதான். கோவையில் யாரும் பார்த்திராத ஒரு புத்தகத்துக்காக, கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிற மாதிரி விவாதித்தோம்.

பாயின் பாத்திரம் வைத்தியர். அவருக்கு நெடுநாள் குறை ஒன்று இருந்தது. "என் முறை வந்தா யாராவது ஒருத்தருக்கு மருந்து ஊத்திட்டு உக்காந்துக்கறேன். எனக்குன்னு ஒண்ணும் செய்ய முடியறதில்ல. நிஜத்துலயும் அப்படித்தான், கடையிலயும் ஊத்திக் குடுக்கறதுதான் பொழப்பு. இங்க வந்துமா?" வைத்தியம் பார்த்துவிட்டு வேறொரு காரியமும் செய்யலாம் என்று மாறினால் நல்லது என்றார். கண்டக்டரின் மனைவி ஈட்டியின் வீச்சை நீட்டுவார்களா என்று கேட்டார். தம்பிக்கு எல்லாம் சுருங்க வேண்டும். பகடை குறைய வேண்டும், கணக்குக் குறைய வேண்டும், புதிதாக வருகிறவன் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். நான், அட்டை மாறும், அச்சுப்பிழைகள் மாறாது என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இருட்டு விதிய என்ன பண்றாங்கன்னு போட்டிருக்குதுங்களா தம்பி?"

"அதப் பத்தி யாரும் பேசலீங்க அண்ணா."

அவர் தலையாட்டினார். வழக்கமான பிடிவாதம் என்று நினைத்தோம்.

சில வாரம் கழித்து, ஆட்டம் முடிந்து நான் இறங்கும்போது அவர் மனைவி கூடவே படியிறங்கி வந்தார். வெயில் இன்னும் தாழவில்லை. பட்டறையின் இரும்புக் கதவுப் பக்கம் என்னை நிறுத்தினார்.

"கண்ணு, சித்த நில்லு. ஒரு சேதி சொல்லோணும்."

கணவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்ததைச் சொன்னார். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் சவ்வு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறதாம். பிறவியிலேயே உள்ள வியாதி. மருந்து கிடையாது, ஆப்பரேசன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ராத்திரில இவருக்குக் கண்ணு தெரியாதுங்கறது கண்ணாலத்துக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும். மாலைக்கண்ணுன்னு நெனச்சு ஈரலும் முருங்கைக்கீரையுமா ஆக்கிப் போட்டேன். இப்பப் பகல்லயும் கொழாய் வழியா பாக்கற மாதிரித்தான் தெரியுதாம். பக்கத்துல நான் நின்னாலே தெரியறதில்ல. தலையத் திருப்பித்தான் பாக்கறாரு."

"இதுவரைக்கும் தெரியவே இல்லீங்களே அக்கா. இப்பக்கூட நல்லாத்தான நடத்துனாரு."

"அது வாயில்ல? கண்ணுக்கு அங்க என்ன சோலி?"

அவர் அழவில்லை. தாழ்ப்பாளை ஏற்றியும் இறக்கியும் சரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மற்றவர்களிடம் அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிட வேண்டும் என்றும், ஆனால் மேசையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குப் பந்தம் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் எங்களிடம் அவர் விதியாகச் சொல்லிவந்தது அவருடைய சாயங்காலங்களைத்தான். வெளிச்சம் இத்தனை அடி, அப்புறம் மங்கல், அப்புறம் ஒன்றுமில்லை. எங்களுக்கு அது பகடைக் கணக்காக இருந்தது.

பாயிடமும் தம்பியிடமும் சொன்னேன். யாரும் மேசையில் காட்டிக்கொள்ளவில்லை. உருட்டிய பகடையை அவர் பார்க்கட்டும் என்று விட்டுவைக்காமல் எண்ணை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தோம். அது எப்படி எங்கள் மூவருக்கும் ஒரே நாளில் தோன்றியது என்று தெரியாது. அவரும் கவனித்திருப்பார்.

புதிய பதிப்பு வரும் மாதம் அறிவிக்கப்பட்டபோது அவர் என்னைத் தனியாகக் கேட்டார்.

"அம்மணி, நீங்க புஸ்தகத் தொழில்ல இருக்கறீங்க. புதுசுல எழுத்து எத்தனை பெருசாப் போடுவாங்க?"

"சின்னதாத்தானுங்க போடுவாங்க அண்ணா. விசயம் சேரச் சேர எழுத்தத்தான் கொறைப்பாங்க. பக்கத்தக் கூட்டுனா காயிதச் செலவு."

"பெருசாப் போட்டாலும் எனக்கு ஆகாது. பெருசுன்னா ஒரு எழுத்துத்தான் தெரியும். சின்னதுன்னா நாலஞ்சு எழுத்துத் தெரியும், ஆனா மங்குது." கணக்குச் சொல்வது போல இதைச் சொன்னார். "பழசப் படிக்கறப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சுங்க. அதனால அது உள்ள இருக்குது. இவுங்க அதை மாத்திப்போட்டா, நான் எதை வெச்சு நடத்தறது?"

அப்போதுதான் புதிய பதிப்பு என்பது அவருக்கு என்னவென்று எனக்கு விளங்கியது. நாங்கள் என்ன வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் என்ன போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்தது. நாங்கள் நால்வரும் சேர்ந்து வாங்கியிருந்தோம். தம்பி பெட்டியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தான். அவர் முகர்ந்தார், கனம் பார்த்தார், முதுகைத் தடவினார். ஒரு பக்கத்தைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, முகத்தை மெல்ல மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்தினார். ஒரு வரி முடிவதற்குள் கழுத்து வலித்திருக்க வேண்டும். மூடி மேசையில் வைத்துவிட்டு, "நல்ல காயிதம்" என்றார்.

அலைபேசியே படித்துக்காட்டும் என்று தம்பி ஒரு வழி செய்து பார்த்தான். அதிலிருந்த பெண்குரல் பத்திகளை நன்றாகவே படித்தது. அட்டவணை வந்ததும், எந்த எண் எதற்கு என்று தெரியாமல் எண்களை மட்டும் வரிசையாக ஒப்பித்தது. விதிப்புத்தகத்தில் பாதி அட்டவணை. சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இவ சந்தையில வெலை சொல்றா" என்றார் கண்டக்டர்.

அப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மத்தியானம் சிங்காநல்லூருக்குப் போய்விடுவேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் சொல்வேன், பழையதில் எப்படி இருந்தது என்று அவர் சொல்வார். முதல் இரண்டு சனிக்கிழமைகள் நன்றாகவே போயின. மாறாத இடங்கள் நிறைய இருந்தன. பாயின் வைத்தியருக்கு அவர் கேட்டது கிடைத்திருந்தது. அதைக் கேட்டு கண்டக்டர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

பிறகு தடுமாற்றம் வந்தது. நான் ஒரு விதியைப் பாதி படிக்கும்போதே பழைய விதியின் மீதியை அவர் வாய் சொல்லிவிடும். இல்லை, மாறியிருக்கிறது என்பேன். திரும்பப் படிக்கச் சொல்வார். திரும்பவும் அதே இடத்தில் பழையதே வரும். படித்து மனதில் நிறுத்தியவர் அவர். கேட்டு நிறுத்துவது அவருக்குப் பழக்கமில்லை. பக்கத்தின் எந்த மூலையில் எந்த விதி இருந்தது என்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"பழசு இடது பக்கத்துல, கீழ, கட்டத்துக்குள்ள இருக்குதுங்க அம்மணி. கண்ண மூடுனா தெரியுது. நீங்க சொல்றது எந்தப் பக்கத்துலயும் இல்ல. காத்துல இருக்குது."

இருட்டு பற்றிய பகுதிக்கு வர நான் பயந்தேன். புத்தகம் வந்த அன்றே அதை எடுத்துப் பார்த்துவிட்டிருந்தேன். பழையதில் அது ஒரு முழுப் பக்கம், கீழே அட்டவணை. புதியதில் மூன்று வரி. வெளிச்சம் உண்டா இல்லையா என்பதைக் கதை நடத்துபவர் முடிவு செய்துகொள்ளலாம், இல்லையென்றால் எல்லாருக்கும் பகடையில் ஒரே அளவு குறையும். அவ்வளவுதான். மங்கல் என்ற சொல்லே எடுக்கப்பட்டிருந்தது.

படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க அண்ணா."

கீழே பட்டறையில் யாரோ மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது நிற்கும்வரை காத்திருந்தார். "அவுங்களுக்கு அது போதும்" என்றார். அன்று அதற்கு மேல் படிக்கவில்லை.

புதிய விதிகளில் ஆடிய முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதை அதே பட்டணம்தான். பாலத்துக்கு அடியில் ஒரு சுரங்கவழி, அதில் பதுங்கியிருந்தவர்களோடு சண்டை. தம்பி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் மெல்லச் சொன்னான். அவன் குரலில் ஏளனம் துளியும் இல்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

"அது பழசுங்க அண்ணா. இப்ப ஒருவாட்டி உருட்டுனாப் போதும்."

"அதும் மாறிப்போச்சுங்க அண்ணா."

ஒவ்வொரு முறையும் கண்டக்டர், "ஆமா ஆமா" என்று திருத்திக்கொண்டார். திருத்திய பிறகு கதையை விட்ட இடத்தைத் தேடினார். யார் எங்கே நிற்கிறோம் என்று எங்களிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

சண்டையில் அவர் மனைவியின் பாத்திரம் விழுந்தது. அடிபடும்போதெல்லாம் குறையும் உயிர்ப்புள்ளி தீர்ந்துவிட்டது. பழைய பதிப்பில் விழுந்தவர் மூன்று முறை பகடை உருட்டி உயிருக்குப் போராடலாம்.

"மூணு உருட்டு இருக்குது. உருட்டு" என்றார் கண்டக்டர்.

அவர் மனைவி பகடையை எடுத்தார். தம்பி பக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நானும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியிருந்தேன். இந்தப் பதிப்பில் இரண்டுதான்.

தம்பி வாயைத் திறக்காமல் விட்டுவிட்டான். பாய் தாடியைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். முதல் உருட்டு தவறியது. இரண்டாவதும் தவறியது. அவர் மனைவி பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்த அந்த நேரத்தைக் கண்டக்டர் கேட்டுவிட்டார்.

"ரெண்டுதானுங்களா தம்பி?"

"மூணுன்னே வெச்சுக்கலாமுங்க அண்ணா. ஒண்ணும் பிரச்சனையில்ல."

"ரெண்டுதானுங்களா?"

"ஆமாங்க அண்ணா."

"அப்ப முடிஞ்சுது" என்றார். பிறகு மனைவி இருந்த பக்கம் தலையைத் திருப்பி, அவரைக் கண்டுபிடித்து, "உன்ர ஆளு போயிருச்சு" என்றார்.

பாய்தான் பேச்சை எடுத்தார். "கண்டக்டரே, பழசு என்ன கெட்டா போச்சு? பழசுலயே ஆடுவோம். எனக்கு அந்த வைத்தியமே போதும்."

"வேண்டாமுங்க பாய்."

"ஏன் வேண்டாங்கறீங்க? உலகத்துல நெறையப் பேரு பழசுலதான் ஆடறாங்களாம். தம்பியே சொன்னாப்ல."

"அவுங்க பிரியப்பட்டு ஆடறாங்க. நீங்க எனக்காக ஆடுவீங்க. சீக்காளி இருக்கற ஊட்டுல எல்லாத்துக்கும் உப்பில்லாம ஆக்கறாப்ல ஆயிரும். நாலு நாளைக்குத் திம்பீங்க. அப்புறம் வெளியில போய்த் தின்னுட்டு வருவீங்க." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தம்பி, அடுத்த வாரம் நீங்க நடத்துங்க. நான் ஒரு ஆளா இருந்துக்கறேன்."

அவர் மனைவி, "ஏனுங்க, இருங்க, அவசரப்படாதீங்க" என்றார். கண்டக்டர் எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி நடத்தினான். நன்றாகவே நடத்தினான், புதிதாக ஒரு நாடு, புதிய கதை. கண்டக்டர் ஒரு படகுக்காரனாகச் சேர்ந்தார். அவருடைய முறை வரும்போது, "நான் படகுலயே இருக்கறேனுங்க" என்பார். இரண்டு மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின. பிறகு ஒருநாள் தலைவலி என்றார். இன்னொரு நாள் சொந்தக்காரர் வருகிறார் என்றார். மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்க, உள்ளறையிலிருந்து வானொலிச் சத்தம் கேட்க, நாங்கள் ஆடுவது சரியாக இல்லை. அவர் மனைவிக்கும் வேலை கூடிவிட்டது. பட்டறையை அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது. எந்த மோட்டாருக்கு எத்தனை கேஜ் கனமுள்ள கம்பி என்று கற்றுக்கொண்டு, ஆட்களிடம் வேலை வாங்கி, ஞாயிறிலும் கீழே பில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தம்பிக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. நாங்கள் கலைந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை, அடுத்ததும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்கள் சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு. மாசி மாதத்தில் ஒருநாள் நான் பார்க்கப் போனேன். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடம் நாங்கள் ஓடி ஒளிந்த பட்டணத்தின் அசல் இதுதான் என்ற நினைப்பு இருந்தது. தூண்களில் பாசி இல்லை. தண்ணீர் ஓர் ஓரமாக ஓடியது. ஒருவர் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இளைத்திருந்தார். இப்போது நடுவில் இருந்த வெளிச்சமும் மங்கிவிட்டதாகவும், பகல் ராத்திரி வித்தியாசம் மட்டுமே தெரிவதாகவும் சொன்னார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து அவர் கையில் தம்ளரை வைத்து, விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். விதியே வேண்டாம், பகடை வேண்டாம். அவர் அந்தப் பட்டணத்துக் கதைகளைச் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். அதற்குக் கண் தேவையில்லையே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னேன்.

அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

"எனக்கு இப்ப அந்த ஊரு தெரியறதில்லீங்க அம்மணி."

புரியவில்லை என்றேன்.

"கண்ணு போனாலும் அது போகாதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆஸ்பத்திரில சொன்ன அன்னிக்கே அப்படி நெனச்சுத்தான் தெம்பா இருந்தேன். வெளிய இருக்கறது போனாப் போகட்டும், இது என்ர மண்டைக்குள்ள இருக்கறதுதானேன்னு. இல்லீங்க. அதும் ஓரத்துல இருந்து போயிட்டே வருது. பாலம் இருக்குதுன்னு தெரியும். எப்படி இருக்கும்னு தெரியல. சாயக்காரத் தெருவுன்னு சொல்லுவேன். சொல்றேன், ஆனா ஒண்ணும் வர்றதில்ல. வாயி மட்டும்தான் சொல்லுது."

அவர் மனைவி அவர் முழங்கையைத் தொட்டார். "பாலத்துல மூணாவது தூணுல பாசிங்க. எருமைக்காரன் அங்கதான் நிப்பான். தெருவுக்குள்ள போனா சாக்கடை சோத்தாங்கைப் பக்கம் திரும்பும். செவுத்துல ஊதாக் கறை. நாம அந்தத் திருட்டுப் பயல தொரத்திட்டுப் போனோமே, எனக்கு அப்படியே இருக்குதுங்க." கதவை உதைக்கும் அதே வேகத்தோடு சொல்லிக்கொண்டே போனார். தெருவுக்குப் பின்னால் இருந்த கிணறு, கிணற்றுக்கடியில் நாங்கள் கண்டுபிடித்த கதவு. நான் மறந்துபோன பலவும் அதில் இருந்தன.

கண்டக்டர் முழுவதும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"அது உன்ர ஊரும்மா" என்றார். "நல்லா இருக்குது. ஆனா என்ரது அது இல்ல."

அவர் மனைவி கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாட்டுக்கு இலை அறுத்து வருவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனார். போனவர் வர வெகு நேரம் ஆனது. நாங்கள் இருவரும் பட்டறையை வாடகைக்கு எடுத்தவரைப் பற்றியும் பவானியில் தண்ணீர் விடுவதைப் பற்றியும் பேசினோம். சாப்பாட்டின்போது யாரும் விளையாட்டைப் பற்றி எடுக்கவில்லை. பச்சைப்பயறு கடைந்திருந்தார். கண்டக்டர் சோற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது நான் ஆற்றைப் பார்க்கவில்லை.

பாயைக் கடைவீதிப் பக்கம் போனால் பார்ப்பேன். புறங்கையில் ஏதாவது ஒரு அத்தரைத் தொட்டு வைப்பார், கண்டக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். நான் சொல்வேன். தம்பி ஹைதராபாத்தில் புதிதாக ஒரு கூட்டம் சேர்த்திருக்கிறான். சில வாரங்கள் இணையம் வழியாக என்னையும் சேர்த்துக்கொண்டான். புதிய பதிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் வேகமாக நடக்கிறது. புதிதாக வந்த ஒரு பெண் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள். நாங்கள் ஒரு சுரங்கத்துக்குள் போனோம், தம்பி இருட்டாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னான், எல்லாருக்கும் ஒரே அளவு குறைத்துக்கொண்டு நடந்தோம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கண் எரிகிறது, நாளெல்லாம் மெய்ப்புப் பார்க்கிறேன் என்று சொல்லி விலகிக்கொண்டேன். அது பொய்யுமில்லை.

கண்டக்டரின் மனைவியோடு மட்டும் பேச்சு தொடர்கிறது. போன வாரம்கூடப் பேசினோம். அண்ணன் மகளுக்குப் பூப்பு நன்னீராட்டு, மல்லிகை விலை, தண்ணீர் வராதது என்று நிறையச் சொன்னார். நான் கடைசியாகத்தான் கேட்டேன், அவர் என்ன செய்கிறார் என்று.

"திங்கறாரு, படுக்கறாரு. சாயங்காலம் என்ர அண்ணன் கூட வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வருவாரு. ஞாயித்துக்கெழம மட்டும் சோறு உண்டதும், நீங்கெல்லாம் வருவீங்களே அந்த நேரத்துக்கு, தூங்கிப்போடறாரு கண்ணு. பொழுது சாஞ்சுதான் எந்திரிக்கறாரு. நான் எழுப்பறதில்ல."